மண்பானைக்குள் இன்சுலின்

மே 12, 1987. செவ்வாய்.

இன்று காலையிலும் செங்கல் நிறம்தான். சர்க்கரை பார்க்கும் நீலக் கரைசலில் சிறுநீரைச் சொட்டவிட்டுச் சூடு காட்டியதும் கண்ணாடிக் குழாய் அப்படிச் சிவந்துவிட்டது. ஒரு வாரமாகச் சர்க்கரை இறங்கவே இல்லை. "திருட்டுத்தனமா என்னடி தின்னுற?" என்று ஷிப்டுக்குக் கிளம்பும்போது இவர் கேட்டார். கோதுமைக் கஞ்சியைத் தின்று தின்று நாக்கு செத்துக் கிடக்கிறது எனக்கு.

சாயங்காலம் ஊசிக்கு மருந்து எடுக்கப் பக்கத்து குவார்ட்டர்ஸ் மல்லிகா அக்காவிடம் போனேன். எங்கள் வரிசையில் அங்கே மட்டும்தான் பிரிட்ஜ். அக்கா அதன் ஐஸ் பெட்டியிலிருந்து என் பாட்டிலை எடுத்தார். மருந்து கல்லாக உறைந்திருந்தது.

"வெயிலு கொளுத்துதே, கெட்டுடப் போவுதுன்னு போன வாரத்துலேர்ந்து இங்கதாம்மா வெச்சிகினு கீறேன். நீ வர்றதுக்குள்ள வெந்நீர்ல போட்டு உருக்கிடுவேன். இன்னிக்கு சீக்கிரமா வந்துட்டே."

உறைந்த இன்சுலின் உதவாது என்று அக்காவுக்கு யார் சொன்னார்கள்? அந்த முகத்தைப் பார்த்துக் கோபப்படவும் முடியவில்லை.

நேரே ஆவடி மார்க்கெட்டுக்குப் போய்ப் புது பாட்டில் வாங்கி வந்தேன். அதை டப்பாவில் போட்டு மூடி, என் மண்பானைத் தண்ணீரிலேயே மிதக்க விட்டிருக்கிறேன். இனி அது எந்த வீட்டுக்கும் போகாது.

இவரிடம் எல்லாம் சொன்னேன். தலை நிமிராமல் சாப்பிட்டார்.

"நாளைலேர்ந்து குழாயை நீங்களே சூடு பண்ணிப் பாருங்க."

"நானா?"

"நீங்கதான். கேக்கறதை என் வாயைப் பார்த்துக் கேக்காதீங்க. குழாயைப் பார்த்துக் கேளுங்க."

ஸ்பிரிட் விளக்கையும் தீப்பெட்டியையும் அவர் தலைமாட்டில் வைத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.