ரெமியின் இரண்டாவது புறா

1920, ஜூலை 19, திங்கள்

சோளமும் பட்டாணியும் நன்றாகப் போகின்றன. போர் முடிந்த ஆண்ட்வெர்ப்பில் ரொட்டிக்கு வரிசையில் நிற்கிறவன்கூட மறுபடி புறா வளர்க்கிறான். தீவன வியாபாரிக்கு வேறென்ன வேண்டும்.

அடுத்த மாதம் இங்கே ஒலிம்பிக். துவக்க நாளில் சமாதானத்துக்காகப் புறா பறக்கவிடப் போகிறார்கள். திரட்டிக் கொடுக்கும் வேலையை நான் வாங்கிவிட்டேன். வீடு வீடாக இரவல் வாங்கினால் போதும். திறந்துவிட்டதும் அதது தன் வீட்டுக்குப் போய்விடும். கொடுத்த சரக்கு தானாக உரியவனிடம் திரும்பும் வியாபாரம் இது ஒன்றுதான்.

ஜூலை 27

ஓட்டப்பந்தயச் சங்கத்துச் செயலாளர் பாவெல்ஸ் கடைக்கு வந்தார். போரில் இறந்த உறுப்பினர்களுக்கு, போட்டிகள் முடியும்போது கல் நாட்டுகிறார்களாம். ரெமியின் பெயரையும் வெட்டலாமா என்றார். இந்த ஒலிம்பிக்கில் ஓடியிருக்க வேண்டியவன் என் மகன்.

எனக்குச் சம்மதம்தான். என் மனைவி லியோனியிடம் கேட்டேன்.

"அவன் கையில இன்னொண்ணு இருக்கு, கமீல்."

அவ்வளவுதான். மேலே பேச முடியாது அவளிடம்.

1914-இல் படையோடு கிளம்பும்போது கூடையில் இரண்டு புறா எடுத்துப்போனான். "நல்லா இருக்கேன்னு ஒண்ணை விடுறேம்மா. வீட்டுக்குக் கிளம்பறப்போ இன்னொண்ணை விடுறேன்." முதலாவது அக்டோபரில் வந்தது. பிறகு ஜெர்மன்காரன் ஊரிலிருந்த புறாக்களையெல்லாம் பிடித்தபோது அதுவும் போயிற்று. ரெமியைப் பற்றிப் படை சொன்னது ஒரே சொல்: காணவில்லை. உடலும் இல்லை, இரண்டாவது புறாவும் இல்லை.

மாடியில் புறா மாடம் காலி. லியோனி தினமும் தண்ணீர் மாற்றி, தீவனம் வைத்து, அதன் சின்னக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறாள். என் கடைத் தீவனத்தில் எலிகள் கொழுக்கின்றன. நான் வாய் திறப்பதில்லை.

ஆகஸ்ட் 10

புறா போதவில்லை. இந்த வருஷக் குஞ்சுகளையும் சேர்த்தேன். பக்கத்துக் கடை முடிதிருத்தும் ஓஜென் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"ஏம்ப்பா, அதுங்களுக்குத் தன் வாசலே இன்னும் சரியாத் தெரியாது. பேண்டு சத்தத்துல மிரண்டா எங்க போகும்?"

"மைதானம் என்ன பாரிஸ்லயா இருக்கு? பக்கத்துலதானே."

"உனக்குக் கூடை நெறைஞ்சாப் போதும்."

அவன் சொல்வது சரி. புறா வளர்க்கிற எவனும் செய்யமாட்டான். செய்தேன்.

ஆகஸ்ட் 14, சனி

மைதானம் பாதி காலி. சீட்டுக்கு விலை வைத்தவன் சந்தையில் ஒருநாளும் நின்றிருக்க மாட்டான். ஜெர்மன்காரர்களை அழைக்கவில்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை. நாடு நாடாக வரிசையில் நடந்தார்கள். நம் பையன்கள் வந்தபோது கூடைக் கயிற்றை அவிழ்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

புறாக்கள் தலைக்கு மேல் ஒரு வட்டம் போட்டன. பிறகு அதது தன் திசை.

வீட்டுக்கு வந்தால் லியோனி மாடத்துக்கு ஏறும் ஏணியடியில் நிற்கிறாள்.

"உள்ள ஒண்ணு வந்திருக்கு. நீ போய்ப் பாரு. எனக்குக் கால் வரல."

நீலச் சாம்பல் நிறம். ரெமியுடையதும் அதே நிறம். கிண்ணத்தில் அலகை முக்கிக் குடித்துக்கொண்டிருந்தது. பிடித்து, பிறந்த வருஷம் பொறித்த கால் வளையத்தைப் பார்த்தேன். இந்த வருஷம் பிறந்தது. நான் சேர்த்த குஞ்சு.

வளையத்தின் மேல் விரலை வைத்து மூடிக்கொண்டேன். அதுதான் என்று சொல்லிவிடலாமா? சந்தோஷப்படுவாள். அப்புறம்? பையன் கிளம்பிவிட்டான் என்று தினம் வாசலில் போய் நிற்பாளே—

"என்ன, ஊமையாயிட்டே? குடு இங்க."

எப்படி ஏறினாளோ. வாங்கி இறக்கையை விரித்தாள். வளையத்தைப் பார்க்கவே இல்லை.

"குஞ்சு," என்றாள். "முதல் சிறகு இன்னும் முழுசா மாறல."

ஆகஸ்ட் 15

எங்கள் ஊரின் அன்னையர் நாள். தெருவெல்லாம் பிள்ளைகள், கையில் பூவும் கேக்கும். லியோனி அந்தக் குஞ்சைக் கூடையில் வைத்து அதன் சொந்தக்காரி வீட்டுக்குக் கொண்டுபோனாள். என்னை வரவேண்டாம் என்றாள்.

திரும்பி வந்து, "அந்தம்மா ராத்திரி பூரா கூண்டுக் கதவைத் தெறந்து வச்சு உக்காந்திருந்தாளாம்," என்றாள். "ஒரே ஒரு ராத்திரி." சிரித்தாள். சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆகஸ்ட் 22

மாரத்தான். மழை. போகவில்லை.

ஆகஸ்ட் 30

"கல்லுல அவன் பேரை வெட்டச் சொல்லிடு, கமீல். பக்கத்துல நின்னு பாரு, எழுத்தைத் தப்பா வெட்டிடப் போறாங்க."

கொஞ்ச நேரத்தில் மாடியில் சின்னக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. இத்தனை வருஷமாக இதைத்தானே கேட்க ஆசைப்பட்டேன்? ஓட்ஸ் மூட்டை ஒன்றைத் தப்பான கடைக்கு அனுப்பிவிட்டேன் இன்று.

செப்டம்பர் 12

கல் நாட்டினார்கள். எழுத்து சரியாக இருக்கிறது. லியோனி தொட்டுப் பார்த்தாள், அழவில்லை.

அவன் போய்விட்டான் என்று ஆரம்பத்திலேயே தெரிந்தவன் நான். வீட்டுக்கு வந்ததும் நேராக மாடிக்கு ஏறினேன். மாடத்தில் கிண்ணம் காய்ந்து கிடந்தது. தண்ணீர் ஊற்றினேன். சின்னக் கதவைத் திறந்து கொக்கி மாட்டினேன்.

"மேல என்ன பண்றே?" என்று கீழிருந்து கேட்டாள்.

"காத்து வேணும். மூடி வச்சா தீவனத்துல பூசணம் பூத்துடும்."

"அங்கதான் தீவனமே இல்லியே."

"நாளைக்கு ஒரு மூட்டை ஏத்தறேன்."

நான் இறங்கும்வரை அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.