“இன்னாங்க” என்று நீ கூப்பிட்டாய்

அக்கா,

நேற்று சாயங்காலம் டிவியில் உன் குரல் கேட்டது. நான் கூடத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். சீரியலுக்கு நடுவில், ஞாயிற்றுக்கிழமை வரப்போகும் உன் நிகழ்ச்சிக்கு முன்னோட்டம் போட்டார்கள். பனி மூடிய ஒரு மலைப்பாதை. கம்பளிக் குல்லாவும் முதுகில் ஆரஞ்சுப் பையுமாக நீ முன்னால் ஓடினாய். பின்னால் ஏழுமலை மூச்சு வாங்கிக்கொண்டு வந்தான். நீ திரும்பிப் பார்த்துக் கத்தினாய்.

“இன்னாங்க! இந்தப் பக்கம் வாங்க!”

உடனே சோப்பு விளம்பரம் வந்துவிட்டது. அம்மாவுக்குக் கேட்டிருக்குமோ என்று சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தேன்.

நம் ஊரில் ஒரு பெண் ஓர் ஆணை இப்படிக் கூப்பிட்டால், அவன் அவளுக்கு யார் என்று யாரும் விளக்கத் தேவையில்லை. அம்மா அப்பாவை மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவாள். ஏழுமலையோ காலனிப் பையன். நம் டிராக்டரை ஓட்டுகிறவன். பால் குடிக்கும் குழந்தைகூட அவனை ‘வாடா போடா’ என்றுதான் சொல்லும். இதுவரை வந்த எல்லா வாரமும் நீயும் அப்படித்தான் கூப்பிட்டாய். “டேய் ஏழுமல, பையத் தூக்குடா.” ஊரே சிரித்தது.

அவனை உன்னோடு அனுப்பியதே அப்பாதான். ஊர் ஊராகச் சுற்றும் போட்டி, இரண்டு பேராகத்தான் போக வேண்டும், போன் கூடாது, கடைசியாக வந்து சேரும் ஜோடி வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று நீ விதிகளைப் படித்துக் காட்டியது நினைவிருக்கிறதா? உன்னோடு வருவதாக இருந்த காலேஜ் தோழிக்கு அவள் வீட்டில் நிச்சயம் பண்ணிவிட்டார்கள். நீ இரண்டு நாள் சாப்பிடவில்லை. அப்பாவுக்குத் தாங்கவில்லை.

“இதுக்குப் போயி அழுவாங்களா? நம்ம ஏழுமலயக் கூட்டிட்டுப் போடி. வண்டி ஓட்டுவான், மூட்ட தூக்குவான். வழியில ஒருத்தன் உன்கிட்ட வாலாட்ட முடியுமா?”

“ஊரு பேசும்” என்றாள் அம்மா.

“ஏழுமலயப் பத்தி இன்னாத்தப் பேசும்?” என்று அப்பா சிரித்தார்.

அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது. வேறு எந்தப் பையனோடும் அவர் உன்னை அனுப்பியிருக்க மாட்டார். ஏழுமலையை அவர் ஓர் ஆண் பிள்ளையாகவே நினைக்கவில்லை.

திரும்பி வந்த பிறகு ஒரு நாள் நாம் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம். நீ ஏதோ ஒரு ரயில் நிலையத்தைப் பற்றிச் சொன்னாய். “அங்க அவரு வழி தெரியாம வேற பிளாட்பாரத்துல போயி நின்னுட்டாரு” என்றாய்.

“யாருக்கா அவரு?” என்று கேட்டேன்.

நீ நாக்கைக் கடித்துக்கொண்டாய். பிறகு ஈரத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாய். எல்லாவற்றையும் அன்றைக்குத்தான் சொன்னாய். “அந்த மலையில யாருக்குடி தமிழ் தெரியும்? கேமரா புடிக்கிறவன்கூட வடக்கத்திக்காரன். அதான் இஷ்டத்துக்குக் கூப்ட்டேன்.” சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாய். “ஐயோ, காலர்ல மைக்கு மாட்டிருந்தாங்களே!”

ஈரத் துண்டை உதறிக் கொடியில் போட்டாய். “அதெல்லாம் வெட்டிடுவாங்க. எனக்கு ஒரு வேல கெடைக்கட்டும், அப்பாகிட்ட நானே சொல்றேன். அதுவரைக்கும் நீ வாயத் தொறக்காத” என்றாய்.

நான் வாயைத் திறக்கவில்லை அக்கா. பாகூர் ரோட்டில் விளக்குப் போடாமல் நின்றிருந்த லாரியில் உன் ஸ்கூட்டர் மோதிய பிறகும் திறக்கவில்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோது பெரியப்பா மகன்கள் தோள் கொடுத்தார்கள். ஏழுமலை விறகு ஏற்றிய டிராக்டரை ஓட்டிக்கொண்டு கடைசியில் வந்தான். அழக்கூட இல்லை. நன்றி கெட்டவன் என்று எதிர்வீட்டு அத்தை சொன்னாள்.

நிகழ்ச்சியை ஒளிபரப்பலாமா என்று சேனல்காரர்கள் போன் செய்தார்கள். வேண்டுமானால் நீ வரும் இடங்களைக் குறைத்துவிடுகிறோம் என்றார்கள். அப்பா அழுதுகொண்டே, “ஒண்ணு கூட வெட்டாதீங்க. எம் பொண்ண முழுசா காட்டுங்க” என்றார். வெட்டிவிடுவார்கள் என்றுதானே நீ நம்பினாய்?

இப்போதெல்லாம் ஞாயிறு இரவு நம் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அக்கம்பக்கம் எல்லாரும் உட்காருகிறார்கள். ஏழுமலை வெளியே, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். டிவியில் உன் எதிரில் உட்கார்ந்து ரொட்டி பிய்த்துத் தின்பவன், அதைப் பார்க்க வெளியே நிற்க வேண்டியிருக்கிறது. “டேய், உன் மூஞ்சியும் வருது பாருடா!” என்று அப்பா உள்ளேயிருந்து சத்தம் போடுவார். சந்தோஷமாகத்தான் சொல்வார். இதே அப்பாதான், பக்கத்து ஊரில் ஒரு பெண் காலனிப் பையனோடு போய்விட்டாள் என்று கேள்விப்பட்ட அன்று, “நம்ம வூடா இருந்தா அவன் தல தோள்ல இருந்திருக்காது” என்றார். ரசம் ஊற்றச் சொன்ன அதே குரலில் சொன்னார்.

நேற்று ராத்திரி சாப்பிடும்போது அந்த முன்னோட்டம் மறுபடியும் வந்தது. அப்பா எதிரில் இருந்தார். மலை தெரிந்தது. நீ திரும்பினாய், வாயைத் திறந்தாய்.

“இன்னாங்க!” என்று அம்மா கத்தினாள். “கொழம்புல உப்பு இருக்குதா இல்லியா? கேட்டுனே இருக்கேன், வாயத் தொறக்க மாட்றீங்க!”

“எப்ப கேட்ட? எம் பொண்ணு பேசறத கேக்க வுடுடி” என்று அப்பா சிடுசிடுத்தார். அதற்குள் முன்னோட்டம் முடிந்துவிட்டது.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. தட்டு கழுவும்போது மட்டும், தண்ணீர்ச் சத்தத்தோடு சத்தமாக, “ஞாயித்துக்கெழம ஒரு மணி நேரம் முழுசா என்னால கத்த முடியாது. அந்தப் புள்ளைகிட்ட போயி சொல்லு” என்றாள். அம்மாவுக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

இன்று பள்ளி விட்டதும் சைக்கிளைக் கரும்புக் கொல்லைப் பக்கம் திருப்பினேன். மோட்டார் கொட்டகையில் ஏழுமலை டிராக்டருக்கு கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தான்.

“இன்னா பாப்பா, ஸ்கூல் வுட்டாச்சா?”

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். பயப்படுவான் என்று நினைத்தேன். கிரீஸ் கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

“நல்லா கேட்டுச்சா பாப்பா?”

“கேட்டுது.”

“ரெண்டு வாட்டி கூப்ட்டாளே, ரெண்டும் வருதா?”

“ஒண்ணுதான் காட்டுனாங்க.”

“எங்கிட்ட அவ கொரல் ஒண்ணு கூட இல்ல. யாராவது பாத்துடுவாங்கன்னு, ஊருக்கு வந்தப்புறம் போன்ல பேசி அனுப்புனதெல்லாம் அவளே அழிக்கச் சொன்னா.” துடைக்கக் கை சுத்தமில்லாமல் தோள்பட்டையில் கண்ணைத் தேய்த்தான். “ஞாயித்துக்கெழம நான் கேக்கணும்.”

“அப்பாவும் கேப்பாரு. உன்ன வுட மாட்டாங்க.”

“கேக்கட்டுமே. நான் இன்னா தப்பு பண்ணேன்? ஜன்னலாண்டயே நிக்கிறேன்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. கெஞ்சிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன். அவன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். கடைசியில் என் வாயிலிருந்து எப்படி வந்ததென்று தெரியவில்லை.

“போயிடுங்க மாமா.”

இரண்டு பேருமே திடுக்கிட்டுப் போனோம். யாராவது கேட்டிருப்பார்களோ என்று அவர் வரப்பு வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

“மணப்பட்டுல ஒரு தோஸ்து இருக்கான். மீன் புடிக்க போட்டுல போறவன். அவன் வூட்ல டிவி இருக்குது” என்றார் மெதுவாக.

“உங்க அம்மா?”

“வில்லியனூர்ல எங்க அக்கா வூட்லதான் கெடக்குது. அங்கயே இருக்கச் சொல்லிடறேன்.” டிராக்டர் சாவியைக் கொட்டகை ஆணியில் மாட்டினார். “நீ அழுவாத. ஆனா அங்கேயும் நான் பாப்பேன். அத மட்டும் வாணாம்னு சொல்லாத.”

கரும்பு வழியாகவே போய்விட்டார்.

இதைப் போர்வைக்குள் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன் அக்கா. முடித்ததும் கிழித்து அடுப்பில் போட்டுவிடுவேன். அப்பா பக்கத்து அறையில் இருமினால்கூட வெளிச்சத்தை அணைத்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை இந்தக் கூடத்தில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. கரண்ட் போய்விடாதா என்று வேண்டிக்கொள்கிறேன். போய்விட்டால் உன் குரலை நானும் கேட்க முடியாதே என்றும் இருக்கிறது.

இன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பா கேட்டார். “ஏழுமலய எங்க காணம்? நீ அந்தப் பக்கமாதான வந்த, பாத்தியா?”

‘அவரு’ என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சோற்றோடு சேர்த்து விழுங்கினேன்.

“அவன நான் பாக்கலப்பா” என்றேன்.

இனி இந்த வீட்டில் ஒவ்வொரு நாளும் இந்த ‘அவன்’ என்ற சொல்லைத் தப்பாமல் சொல்ல வேண்டும். ஊரே பார்க்க, வாரா வாரம், சிரித்த முகத்தோடு ‘டேய்’ என்று நீ எப்படி அக்கா கூப்பிட்டாய்?