பூவரச இலைப் பொட்டலம்

தம்பி,

உன் தகரப் பெட்டி வந்து பதினோரு நாளாயிற்று. பொள்ளாச்சி ஸ்டேஷனிலிருந்து மாட்டு வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். நேற்றுத்தான் எனக்குத் திறக்கத் தைரியம் வந்தது. உடுப்புகளுக்கு அடியில், உன் சவரக் கத்திக்குப் பக்கத்தில், அந்தப் பூவரச இலைப் பொட்டலம் இருந்தது. தொட்டால் பொடியாகிவிடும் இலை. மேலே வாழைநார். ஆற்றோடு போய்விட்டதென்று இத்தனை வருஷமாக நான் நம்பியிருந்த பொட்டலம்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். உனக்கு எழுதிய கடிதமெல்லாம் மழை பெய்தது, மாடு ஈன்றது என்று நாலு வரியில் முடியும். இது நீளும். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

அந்த வாரத்தை நீ மறந்திருக்க மாட்டாய். வடக்கே பட்டாளக் காலேஜில் உனக்கு இடம் கிடைத்துவிட்டதென்று தபால் வந்தது. கூடவே ஒரு காகிதம். என்ன படிக்கப் போகிறாய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வெள்ளிக்கிழமைத் தபாலில் சேர்த்தாக வேண்டும். பாலமும் பாதையும் போடுகிற படிப்பு ஒன்று, கம்பித் தந்திப் படிப்பு ஒன்று. மற்றதையெல்லாம் அடித்துவிட்டு இந்த இரண்டில் வந்து நின்றுவிட்டாய். வெள்ளம் வந்தால் அக்கரை போக முடியாமல் பிள்ளைத்தாய்ச்சிகள் கரையில் உட்கார்ந்திருப்பதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தவன் நீ. ஸ்டேஷனில் தந்தி தட்டுகிற சத்தத்துக்குக் காதைக் கொடுத்து ரயிலைத் தவறவிட்டவனும் நீதான். காலையில் ஒன்று சொல்வாய், பொழுது சாய்ந்தால் மற்றது. பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போவாய்.

பாலம் போடுவதென்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். குறுக்கே பாறை நின்றால் வெடி வைப்போம் என்றாய், வெகு சாதாரணமாக. அப்பா போனபோது நீ கைக்குழந்தை. கிணற்றுப் பாறைக்கு வைத்த வெடி வெடிக்கவில்லையே என்று பார்க்க இறங்கியவரைக் கயிற்றுக் கட்டிலில் போட்டு வேட்டியால் மூடித் தூக்கி வந்ததைப் பார்த்தவள் நான்.

வியாழக்கிழமை அம்மா, கோயிலில் பூக் கேட்போம் என்றாள். நீ சிரித்தாய். "ஏனுங்ம்மா, மாரியாத்தாளுக்குத் தந்தி தெரியுமுங்களா?"

"உனக்குத் தெரிஞ்சு மூணு நாளா என்னத்தக் கிழிச்சுப் போட்டே?" என்றாள் அம்மா. அதோடு நீ சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினாய்.

சிவப்பு அரளி வந்தால் பாலம், வெள்ளை அரளி வந்தால் தந்தி. பொட்டலம் கட்டுகிற வேலை எனக்கு. கிணற்றடியில் சிவப்பைப் பறித்துக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு அதைக் கீழே போட்டேன். இரண்டு இலையிலும் வெள்ளையை வைத்து மடித்தேன். நார் இரண்டு தரம் அறுந்தது.

சந்நிதியில் என் மகளைத்தான் எடுக்க விட்டோம், அப்போது மூன்று வயது. எதை எடுப்பாளோ என்று நீயும் அம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பூசாரி இரண்டையும் பிரித்துவிட்டால் என்ன செய்வது என்று நான் அவர் விரலிலேயே கண்ணாக இருந்தேன். அவள் எடுத்ததை மட்டும் பிரித்தார், வெள்ளை. எடுக்காத பூவைப் பார்க்கக் கூடாது, அப்படியே ஆற்றில் விட வேண்டும். வாங்கிக்கொள்ள நான் கை நீட்டினேன். நீ முந்திக்கொண்டாய்.

"நானே விட்டுட்டு வாரனுங்க்கா."

நீ திரும்பி வருவதற்குள் அடுப்பில் வைத்த உலைநீர் வற்றிவிட்டது. வந்தபோது உன் கால் நனைந்திருக்கவில்லை. அதைப் பார்த்தேன். பார்த்தும் யோசிக்கவில்லை. காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டாய்: "தந்தின்னா உங்களுக்கு நிம்மதிங்களாக்கா?"

"ஆமாஞ் சாமி" என்றேன்.

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாய். பிறகு எழுதிக் கையெழுத்துப் போட்டாய்.

எல்லையோர மலையில் அறுந்துபோன கம்பியைத் தேடி நாலு பேரோடு நீயே போனாய் என்று உன் மேலதிகாரி எழுதியிருந்தார். கம்பியைக் கண்டுபிடித்து முறுக்கிக்கொண்டிருந்தபோது குண்டு பட்டதாம். வெடிக்குப் பயந்து நான் அனுப்பி வைத்த இடம் அது.

அந்தக் கடிதம் வந்த நாளிலிருந்து அம்மா கோயில் பக்கம் திரும்பவில்லை. காட்டு வேலைக்குப் போகையில்கூடக் கோயில் வழியை விட்டுப் பனங்காட்டைச் சுற்றிக்கொண்டு போவாள். "அவ பேச்சைக் கேட்டுத்தானே அனுப்பிச்சேன்" என்று மாரியாத்தாளைத் திட்டுவாள். மண்ணை வாரித் தூற்றினாள் ஒரு நாள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தேன். ஐந்து மாதம் அப்படி இருந்திருக்கிறேன்.

நேற்றுப் பொட்டலத்தில் முதலில் பார்த்தது முடிச்சை. நான் நார் நுனியை உள்ளே செருகித்தான் கட்டுவேன். இது நீ கன்றுக்குட்டிக்குப் போடுகிற சுருக்கு. அவிழ்த்தேன். சிவப்பு அரளி காய்ந்தால் கருஞ்சிவப்பாக நிற்கும். இது வைக்கோல் நிறத்தில் இருந்தது.

ஆற்றங்கரையிலேயே பிரித்திருக்கிறாய், தம்பி. எல்லாம் தெரிந்துகொண்டு வந்துதான் அந்தக் கேள்வியைக் கேட்டாய். உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு இடம் கொடுத்துப் பார்த்தாய். நான் சொல்லவில்லை. மாரியாத்தா சொன்னதாக நீ ஒரு நிமிஷமும் நினைக்கவில்லை. அக்கா கேட்டாள் என்று எழுதிக் கொடுத்துவிட்டாய். உனக்கு உண்மையில் எது பிடித்திருந்தது என்று நான் கடைசிவரை கேட்கவே இல்லை.

இன்று காலை அம்மாவிடம் சொன்னேன். பூவை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"அவனுக்குத் தெரியுமா அம்முணி?"

"தெரியுமுங்ம்மா."

வெயில் வாசற்படியைத் தாண்டும் வரை அதை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பிறகு, "நாந்தான் ஆத்தாளை வீணா வஞ்சுபோட்டேன்" என்று எழுந்தாள். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கோயில் வழியாகவே நடந்து போனாள். திரும்பி வந்ததும் சோறு போட்டேன், தின்றாள். இதை எழுதுகிற வரைக்கும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

பொட்டலத்தை மறுபடி கட்டப் பார்த்தேன். உன் சுருக்கு எனக்கு வரவில்லை. என் முடிச்சைப் போட மனம் ஒப்பவில்லை. துணியில் சுற்றி, அவிழ்ந்தபடியே மடியில் வைத்திருக்கிறேன். ஆற்றில் விட்டுவிடு என்று அம்மா சொல்லவில்லை. சொன்னாலும் விடமாட்டேன்.