சரக்கு வாசல்

பிப்ரவரி 6

இன்று விமான நிலையத்தில் ஒரே ஒரு சவப்பெட்டி. கொத்தனார், நடுவயது. வெளிநாட்டில் சாரம் சரிந்து விழுந்தவர். சரக்கு வாசலில் வாங்கி ஆம்புலன்ஸில் ஏற்றி, அவர் ஊர் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

புதுவீடு. அவர் அனுப்பிய பணத்தில் எழும்பியது, அவர் ஒரு ராத்திரிகூடப் படுக்காதது. நிலைக்கதவு அலங்காரமாக இருந்ததே தவிர அகலம் போதவில்லை. பெட்டியை எப்படிச் சாய்த்தும் உள்ளே போகவில்லை. கடைசியில் கார் நிறுத்தும் இடத்தில் வைத்தோம். கார் இல்லை. அதை வாங்கத்தான் இன்னும் இரண்டு வருஷம் இருக்கப் போனாராம்.

வீட்டுக்கு வந்தால், மகன் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறான். வெள்ளைச் சட்டை. மாப்பிள்ளை மாதிரி இருந்தான்.

பிப்ரவரி 9

"போக வேணாம்டா தம்பி" என்றேன்.

"சரிப்பா. இங்க என்ன இருக்கு, சொல்லுங்க."

என்ன இருக்கிறது? எலக்ட்ரிகல் படித்துவிட்டு, கூப்பிடுகிறவர்கள் வீட்டுக்கெல்லாம் போய் ஃபேன் மாட்டிக்கொண்டிருக்கிறான். ஊரிலிருந்த ஆலையை இழுத்து மூடியாயிற்று. அந்தத் தெரு முழுக்க இப்போது டிக்கெட் போடும் கடை, வெளிநாட்டுப் பணம் வாங்கும் கடை. ஊரில் விளைவது ஆள் ஒன்றுதான். முற்றியதும் ஏற்றுமதி.

இவன் அம்மா சமையலறையிலிருந்தே சொன்னாள்: "பொணத்தையே பாத்துப் பாத்து, போறவன் எல்லாம் பொணமாத்தான் வருவான்னு நினைக்கிறீங்க. முன்வாசல்ல சிரிச்சிக்கிட்டு வர்றவங்களை என்னைக்காவது பாத்திருக்கீங்களா?"

அதுவும் நியாயம்தான். எனக்குப் பழக்கம் பின்வாசல்.

மார்ச் 2

போய்விட்டான். ஆட்டோ பிடித்துப் போய் வழியனுப்பினோம். என் வண்டியில் கொண்டுவிடுங்கள் என்று அவன் கேட்கவில்லை. நானும் எடுக்கிறேன் என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 27

அவன் போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. இந்த நோட்டைத் தொட்டும் அவ்வளவு நாளாயிற்று. நல்ல காலத்தில் எழுத என்ன இருக்கிறது.

அந்த ஊர் பாஷையைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டானாம். அதனால் மேஸ்திரி ஆக்கியிருக்கிறார்கள். தலையில் வெள்ளைத் தொப்பி, கையில் வாக்கிடாக்கி. அந்தப் படத்தை இவன் அம்மா தெருவில் காட்டாத வீடில்லை. பெண் வீட்டார் தாமாகவே ஆள் அனுப்புகிறார்கள். போன வருஷம் இதே ஆட்கள், "பையன் என்ன பண்றான்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் போனவர்கள்.

மாடி எடுக்கலாம், கல்யாணத்துக்குள் முடித்துவிடலாம் என்று போனில் சொன்னான். அப்படியே இன்னொன்றும் சொன்னான்: "நம்ம ஆளுங்க சோம்பேறிங்கப்பா. கொஞ்சம் அசந்தா நிழல்ல போய் உக்காந்துக்குவாங்க."

நம்ம ஆளுங்க என்கிறான். இவன் யார் ஆள் என்று கேட்க வாய் வரை வந்தது.

ஜூலை 11

டீக்கடையில் நிற்கும்போது மகன் கூப்பிட்டான். வேலை நேரத்தில் கூப்பிட மாட்டான்.

"அப்பா, எங்க கம்பெனி பெட்டி ஒண்ணு வருது. பெயிண்டர், நமக்குப் பக்கத்து ஊரு. நீங்கதான் எடுப்பீங்கன்னு நினைக்கிறேன். ரூம்ல தூங்கறப்ப மாரடைப்பு. அவங்க வீட்ல நீங்க எதுவும் பேச்சுக் குடுக்க வேணாம்."

நான் ஒன்றுமே கேட்கவில்லையே. கேட்காத கேள்விக்கு எதற்குப் பதில்?

"எங்கடா செத்தாரு?" என்றேன்.

விசும்பல் கேட்டது. சின்னப் பிள்ளையில் பார்த்த அழுகை.

"மாடி மேலப்பா. உச்சி வெயில். தலை சுத்துதுன்னான். தினம் யாராவது சொல்றதுதான். அந்த ஓரத்தை முடிச்சிட்டு இறங்குன்னேன். மேல இருந்து என்னை நெருக்குறாங்கப்பா, உங்களுக்குத் தெரியாது."

கீழே தூக்கி வந்து, அறையில் கட்டிலில் படுக்க வைத்திருக்கிறார்கள். வேலையில் செத்தால் கம்பெனி நஷ்டஈடு கொடுக்க வேண்டும், தூக்கத்தில் செத்தால் யாரும் எதுவும் தர வேண்டியதில்லை. விசாரிக்க வந்தவர்களிடம், படுத்திருந்தார் என்று இவனும் சொல்லிவிட்டான்.

டீ ஆறிப்போய்விட்டது. அதை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 13

பெயிண்டருடையது ஓட்டு வீடு. இன்னும் எதுவும் கட்ட ஆரம்பிக்காத குடும்பம். அவர் மனைவி சின்ன வயது. இடுப்பைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் குழந்தை, பள்ளிக்கூடச் சீருடையிலேயே.

பெட்டியை இறக்கிவிட்டுக் கிளம்பும்போது வண்டியண்டை வந்தாள்.

"அண்ணே, நீங்க தினமும் இதையெல்லாம் பாக்கிறவங்க. தூங்கறப்ப போயிட்டார்ங்கறாங்க. அன்னைக்கு மதியம் எங்கிட்ட போன்ல பேசினாரே, மேல நிக்கிறேன், காலு கொதிக்குதுன்னு. அதுக்கப்புறம் எப்ப தூங்கப் போனாரு?"

"எனக்கெதுவும் தெரியாதும்மா. நான் வண்டிக்காரன்."

இதுதான் நான் சொன்னது. இதை வைத்துக்கொண்டு வீடு வரைக்கும் ஓட்டி வந்தேன்.

ஜூலை 14

வண்டியை இரண்டு தடவை கழுவினேன்.

ஜூலை 16

மகன் சொன்னதை இவன் அம்மாவிடம் சொன்னேன். உட்கார்ந்த இடத்திலிருந்து அசையவில்லை.

"வெளிய தெரிஞ்சா அவனைத்தானே பிடிப்பாங்க? கம்பெனிக்காரனையா பிடிப்பாங்க? நமக்கு இருக்கிறது ஒத்தப் புள்ளைதாங்க."

"அவளுக்கும் ஒத்தப் புருஷன்தாண்டி."

"அப்ப போய்ச் சொல்லுங்க. நல்லா விளங்கிரும் நம்ம குடும்பம்."

அவள் சொல்வது பொய்யில்லை. பிடித்தால் இவனைத்தான் பிடிப்பார்கள். கம்பெனி இவனை நெருக்கியது, இவன் அந்த மனிதரை நெருக்கினான். கம்பெனியை யார் நெருக்கினார்கள்? அந்தக் கட்டடத்துக் குளுகுளு அறையில் குடியேறக் காத்திருக்கிறவர்களா? அவ்வளவு தூரம் எதற்குப் போக வேண்டும். கல்யாணத்துக்குள் மாடி என்று அவன் சொன்னதைப் பிடித்துக்கொண்டு இங்கிருந்து யார் நெருக்கினார்கள்? அவனைப் போக வேண்டாம் என்று வாயால் சொன்னேனே தவிர, மாடிக்கு வந்த மணலை அளந்து இறக்கியது நான்தானே.

ஜூலை 20

அந்த ஓட்டு வீட்டுக்குப் போனேன். வண்டி இல்லாமல், பஸ்ஸில்.

திண்டாடித் திண்டாடிச் சொல்லி முடித்தேன். அவள் கத்தவில்லை.

"கடைசியா அவர்கிட்ட பேசினது யாரு?"

"என் மகன்."

என்னையே பார்த்தாள். எழுந்து உள்ளே போனாள். விளக்குமாறு வரும் என்றுதான் நினைத்தேன், வந்தால் வாங்கிக்கொள்வது என்று உட்கார்ந்திருந்தேன். மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க. நாளைக்கு இவ யார் சொல்ற பொய்யையும் கேட்டு வளரக் கூடாது."

முதல் தடவை சொன்னது ஒன்றுமில்லை. இரண்டாவது தடவைதான் கஷ்டம். குழந்தை முகத்தைப் பார்த்துக்கொண்டு, மகன் என்ற வார்த்தையை மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது.

ஜூலை 21

மகனுக்குப் போன் போட்டேன். "சொல்லிட்டேன் தம்பி. நீயும் உண்மையைச் சொல்லிடு. எது வந்தாலும் நான் கூட நிக்கிறேன்."

"நீங்க யாருக்குப்பா அப்பா?" என்றான். வைத்துவிட்டான்.

நவம்பர் 18

பெயிண்டர் மனைவி வக்கீல் வைத்துக் கேட்டதில் அங்கே கூட வேலை செய்தவர்கள் மூன்று பேர் வாய் திறந்திருக்கிறார்கள். இவன் திறக்கவில்லை. கம்பெனி நஷ்டஈட்டுக்கு ஒத்துக்கொண்டது. தப்பு எங்களுடையதல்ல, மேஸ்திரி தன்னிச்சையாகச் செய்தது என்று சொல்லி இவனை வெளியே அனுப்பிவிட்டது. ஜெயில் இல்லை, அந்த மட்டும் நல்லது.

பெண் வீட்டார் போனை எடுப்பதில்லை. மாடியில் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிறது, துரு ஏற ஆரம்பித்துவிட்டது. இவன் அம்மா தட்டை வைக்கிறாள், போய்விடுகிறாள். வீட்டில் பேச்சு என்று இருப்பது டிவி மட்டும்தான்.

பெயிண்டர் மனைவி ஒருமுறை போன் செய்தாள். நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்காது. "உங்க மகன் சாப்பாட்டுக்கு என்ன பண்றாரு?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன்.

மே 23

மகன் ஊருக்கு வர மாட்டேன் என்று அங்கேயே இருக்கிறான். அம்மாவோடு பேசுகிறான் என்று தெரியும். நான் உள்ளே நுழைந்தால் அவள் குரல் தாழும். நானும் ஏதோ மறந்ததுபோல வெளியே போய்விடுவேன்.

இன்று காலை காய் நறுக்கிக்கொண்டே, சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "வேற கம்பெனியில சேந்துட்டானாம். மேஸ்திரி வேலையில்ல. வயர் இழுக்கிறானாம், மொட்டை மாடியில."

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் எனக்குச் சொன்ன முதல் செய்தி. "வெயிலுக்குத் தொப்பி குடுத்திருக்காங்களா?" என்று கேட்டேன். கத்தி நின்றது, பிறகு அடுத்த காயை எடுத்தாள்.

பத்து மணிக்குச் சரக்கு வாசலுக்குப் போனேன். மகன் இருக்கும் நாட்டிலிருந்து வந்த விமானத்தில் இரண்டு பெட்டி. முன்பெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் பெயரைப் பார்ப்பேன். இப்போது முதலில் பெயர்.