கேபின் வாசலில் மொச்சை உரித்தவர்

மதினி,

இன்று காலை கடையில் பச்சை மொச்சை குவிந்து கிடந்தது. ஒரு காயை உரித்துப் பார்த்தேன். விரலில் ஏறிய வாசனை என்னை நேரே கோச்சடை பிரவுசிங் சென்டரில் கொண்டுபோய் விட்டது. மொச்சை வாசனையில் கம்ப்யூட்டர் ஞாபகம் வருகிறவள் இந்த ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். எல்லாம் உங்களால்தான்.

பிராட்பேண்ட் புதிதாக வந்த காலம் அது. நெரிசலான அலங்காநல்லூர் பஸ்ஸில் எனக்கு மூச்சு முட்டி, நடுவழியில் இறங்கிவிட்டேன். அதன் பிறகு பஸ் ஆகவில்லை. கதவு சாத்திய அறை எதுவுமே ஆகவில்லை. ஆஸ்பத்திரியில் இதயத்தில் கோளாறு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். டீச்சர் வேலையோ அலங்காநல்லூரில். லீவு முடிவதற்குள் பஸ் ஏறாவிட்டால் வேலையை விட்டுவிட வேண்டியதுதான். அப்போதுதான் அண்ணன், பெங்களூரில் இருந்தபடியே கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசும் ஒரு மனநல ஆலோசகரைத் தேடிப் பிடித்தார். தமிழ்க்காரர், மூளையைப் பற்றியும் நிறையப் படித்தவர். நமக்கு அவர் டாக்டரம்மா.

வினை பிரவுசிங் சென்டரில் காத்திருந்தது. பேச்சு வெளியே கேட்காமலிருக்க பிளைவுட் கேபினுக்குள் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டுமாம். பயமே மூடிய இடம்தான். வைத்தியமும் மூடிய இடத்திலா? நான் திரும்பி நடந்தேன். நீங்கள் என் கையைப் பிடித்து உள்ளே உட்காரவைத்து, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை வாசலில் இழுத்துப் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தீர்கள்.

"கதவுக்குப் பதிலா நான் இருக்கேன்த்தா. நீ பேசு."

பையிலிருந்து மொச்சையை எடுத்து உரிக்கத் தொடங்கினீர்கள். எட்டிப் பார்த்தவர்களிடமெல்லாம், "உள்ள அமெரிக்கா இன்டர்வியூ நடக்குது, சத்தம் போடாதீகப்பா" என்றீர்கள். அந்த வாரமே தெருவில் என்னிடம் விசா பற்றி விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

மூளைக்குள் பாதாம்பருப்பு அளவில் ஒரு பகுதி இருக்கிறது, ஆபத்து என்று மணியடிப்பது அதன் வேலை, சில நேரம் சும்மாவும் அடித்துவிடும் என்று டாக்டரம்மா விளக்கினார். "மணி அடிக்கிறது நிஜம். ஆனா தீ எங்கயும் இல்ல. அது ஓயுற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருங்க. மெல்லக் கத்துக்கும்."

உங்களுக்குப் பொறுக்கவில்லை. "பாதாம்பருப்பு அம்புட்டுல இருக்குறதா இந்த ஆட்டம் ஆடுது?" என்று வாசலிலிருந்தே கேட்டீர்கள். திரையில் டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே படம் உறைந்து நின்றுவிட்டது. மறுநாள் முதல் ஊறவைத்த பாதாம் ஒரு கிண்ணம் என் வீட்டுக்கு வந்தது. "அதுக்கும் தீனி போட்டாத் தன்னால அடங்கும்" என்றீர்கள்.

வாராவாரம் கதவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்தச் சொன்னார் டாக்டரம்மா. உங்கள் ஸ்டூலும் அதற்கேற்ப நகர்ந்தது. ஒருநாள் முழுக்கச் சாத்திவிட்டேன். பாதாம்பருப்பு மணியடித்தது. வெளியே மதினி இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மணி ஓய்ந்தது. பேசி முடித்து, பெருமையோடு கதவைத் திறந்தால் ஸ்டூல் காலி. தெருமுனையிலிருந்து பையோடு ஆடி அசைந்து வந்துகொண்டிருந்தீர்கள்.

"எங்க மதினி போனீக?"

"நீ கதவச் சாத்துனதுமே கெளம்பிட்டேன்த்தா. மொச்சை தீந்துபோச்சு."

எனக்கு வந்த கோபத்தில் அழுகையே வந்துவிட்டது. பாதி அழுகையில் சிரிப்பும் வந்தது. அடுத்த வாரம் அலங்காநல்லூர் பஸ்ஸில் ஏறி, நின்றுகொண்டே பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தேன்.

நீங்கள் கண்ணை மூடிச் சில வருடங்கள் ஆகிவிட்டன. நான் இப்போது விளாங்குடியில் நாலாம் மாடியில் குடியிருக்கிறேன். இன்று மொச்சைப் பையோடு லிஃப்டில் ஏறினேன். கதவு மூடியதும் பழைய மணி லேசாக அடித்தது. வழக்கம்போல், வெளியே நீங்கள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டேன். மாடி வருவதற்குள் ஓய்ந்துவிட்டது.

வெளியே நீங்கள் இல்லை என்று எனக்குத் தெரியும். அன்றைக்கும்தான் நீங்கள் இல்லை, மதினி.