கற்பூரவல்லி இலையில் ஏழு சொட்டு

ஜனவரி 6, செவ்வாய்
பனி இல்லை. பேத்தி கார்குழலி கேமராவோடு ஆறு மணிக்கு மொட்டைமாடிக்குப் போனாள், ஏழரைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கினாள். எங்கள் உப்பளம் பகுதியில் கடல் காற்று அடித்தால் இலையில் ஒன்றும் நிற்காது. கூழைக் குடித்துவிட்டு ஸ்டுடியோவுக்குப் போய்விட்டாள். அங்கே கல்யாண ஆல்பம் சேர்க்கிற வேலை. நான்கு வருடமாக யாரோ யாருக்கோ மாலை போடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஜனவரி 8, வியாழன்
எறும்பின் முகத்தைக் கேமராவில் காட்டினாள். அதற்குக் கன்னத்தில் மயிர் இருக்கிறது. அறுபத்தெட்டு வயது வரை மிதித்துக்கொண்டு நடந்திருக்கிறேன், தெரியாது. அஞ்சாம் வகுப்போடு நின்றவளின் பேத்திக்கு இப்படி ஒரு கண். அவள் அப்பன், என் மகன் அன்பழகனுக்கே இது புரியவில்லை.

அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு படம். இலைமேல் பனித்துளி. பின்னால் இருக்கிற செம்பருத்தி அந்தத் துளிக்குள் தலைகீழாகத் தெரியவேண்டும். ஓரத்தில் ஓர் எறும்பு நின்று குடிக்கவேண்டும். சென்னையில் ஏதோ சங்கம் போட்டி வைத்திருக்கிறது. பத்துப் பேரைப் பொறுக்கி, பூச்சிகளைப் படமெடுக்கக் காட்டுக்குக் கூட்டிப்போவார்கள். நன்றாகச் செய்தால் அங்கேயே வேலை. ஆல்பத்திலிருந்து தப்பிக்கலாம். இருபதாம் தேதிக்குள் அனுப்பவேண்டும்.

எதிர்வீட்டு ஸ்டெல்லாமேரி கேட்டாள்: "என்னா கமலவேணி, ஒம் பேத்தி எறும்புக்கு ஆதார் கார்டு எடுக்குறாளா?"
"ஆமா, ஒன்னய மாதிரி மூஞ்சி கோணாம நிக்கிது" என்றேன்.

ஜனவரி 15, வியாழன்
பொங்கல். நல்ல பனி. ஆனால் எறும்பெல்லாம் பொங்கப்பானை அடியில்.

ஜனவரி 16, வெள்ளி
இன்றும் இல்லை. மாடியில் முட்டிபோட்டு முட்டிபோட்டு அவளுக்கு முழங்கால் கன்றிப்போயிருக்கிறது. எண்ணெய் தடவப் போனேன், வேண்டாம் என்றாள்.

ஜனவரி 17, சனி
ஐந்து மணிக்கு எழுந்தேன். டம்ளரில் ஒரு கரண்டி சர்க்கரை போட்டுக் கரைத்தேன். காது மருந்து ஊற்றுகிற ஃபில்லரைக் கழுவி எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். கற்பூரவல்லி இலையில் ரோமம் இருப்பதால் சொட்டு உருண்டையாக நிற்கும். ஏழு சொட்டு வைத்தேன். சாமிக்குப் பூ வைப்பதுபோலத்தான் வைத்தேன். வேறு ஒன்றும் நினைக்கவில்லை.

ஆறே முக்காலுக்குக் கத்தினாள். "ஆயா! ஆயா, சீக்கிரம் வா!"
போய்ப் பார்த்தேன். துளிக்குள் செம்பருத்தி தலைகீழாக. ஓர் எறும்பு முன்னங்காலைத் துளிமேல் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தது.
"தானா வந்துச்சு ஆயா!"
"ம்" என்றேன்.

ஜனவரி 30, வெள்ளி
பத்தில் ஒருத்தி! தெரு முழுக்கச் சொன்னேன். ஸ்டெல்லாமேரியிடம் இரண்டு தடவை.

பிப்ரவரி 2, திங்கள்
சங்கத்திலிருந்து ஒரு தாள் வந்தது. படித்துக் காட்டினாள். தண்ணீர் தெளிக்கவில்லை, தீனி வைத்துப் பூச்சியை வரவழைக்கவில்லை என்று கையெழுத்துப் போடவேண்டுமாம்.
"அதான் ஆயா இந்தப் படத்துக்குக் கெத்தே. நாம எதயும் தொடல."
போட்டாள். நான் பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்
யாருக்குத் தெரியும்? குடித்த எறும்பு வந்து சொல்லப்போகிறதா?

பிப்ரவரி 5, வியாழன்
நாளை வீடியோவில் எல்லார் முன்னாலும் இந்தப் படத்தை எப்படி எடுத்தேன் என்று பேசவேண்டுமாம். கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தாள். "பன்னெண்டு நாள் காத்திருந்தேன். நான் ஒண்ணும் செய்யல. காத்திருந்தேன், அவ்ளோதான்." மூன்று தடவை சொன்னாள். மூன்றாவது தடவை என்னால் முடியவில்லை.

"குழலி, அது பனி இல்லடி."
"என்னா?"
"சக்கரத் தண்ணி. காலைல நாந்தான் உட்டேன்."
சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.
"ஏன் ஆயா?"
"நீ காஞ்சி கெடந்தத பாக்க முடியல."
"எனக்கு வராதுன்னு நெனச்சிட்டியா?"

அப்படி நினைக்கவில்லை. நினைத்தேனா? நான்தானே ஊர் பூராவும் அவள் கண்ணைப் பற்றிச் சொல்கிறவள். அப்புறம் எதற்கு எழுந்து போனேன்?

பிப்ரவரி 6, வெள்ளி
அவளே சங்கத்துக்கு எழுதிவிட்டாள். ஆயா செய்தாள் என்று எழுதவில்லையாம். துளி இயற்கையானதல்ல, அவ்வளவுதான். சாயந்திரம் பெயரை எடுத்துவிட்டார்கள். என்னிடம் அன்பழகன்தான் சொன்னான்.

பிப்ரவரி 8, ஞாயிறு
ஸ்டெல்லாமேரி பூசை முடிந்து வந்து, "எப்ப காட்டுக்கு அனுப்புற?" என்று கேட்டாள்.
"போவல. நான் கெடுத்துட்டேன்."
அவள் வாயிலிருந்து ஏதாவது வரும் என்று நின்றேன். என் கையைப் பிடித்துவிட்டுப் போனாள். திட்டியிருக்கலாம்.

பிப்ரவரி 11, புதன்
சோறு போடும்போது மட்டும் பேசுகிறாள். போதும், ரசம், போதும்.

பிப்ரவரி 17, செவ்வாய்
பனி. துணி உலர்த்தப் போனேன். அவள் செடிகளுக்கு முன் முட்டிபோட்டிருந்தாள். ஓர் இலையிலிருந்து ஒரு துளியை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். அடுத்த இலையிலும் பார்த்தாள். அப்புறம்தான் கேமராவைக் கையில் எடுத்தாள்.

ஈரத்துணியை வாளியிலேயே விட்டுவிட்டு, படியில் சத்தம் வராமல் இறங்கி வந்தேன்.