நிறுத்திப் பார்க்கிற அந்த அம்மா

அன்பு மகளுக்கு,

நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, கை கால் முழுசாக, சளி காய்ச்சல் எதுவும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன். இங்கே நானும் அப்பாவும் நன்றாகத்தான் இருக்கிறோம், என் தோள்பட்டை மட்டும் மழை வருவதற்கு முன்னாலேயே எனக்குத் தகவல் சொல்லிவிடுகிறது. உன் அத்தை வீட்டுக் கூரையை மாற்றிவிட்டார்கள், இனி ஒழுகுகிறது என்று வந்து அழ முடியாது, வேறு எதற்காவது அழுவாள். உன் கடிதமும் போட்டோவும் வந்து சேர்ந்தன. பதில் தாமதமானதற்கு வேலை காரணம் என்று எழுதலாம், உன்னிடம் என்ன மறைப்பு, வயிற்றெரிச்சல்தான் காரணம்.

கடிதத்தைப் பிரித்தால் முதல் வரியிலேயே அந்த அம்மா. அந்த அம்மா விஞ்ச் ஓட்டுவதை நீ பார்க்கணும், அந்த அம்மா எனக்குக் கையுறை வாங்கித் தந்தார்கள், அந்த அம்மாவுக்குக் கோபமே வராது. ஏன்டி, சரிவில் வெட்டிப் போட்ட மரத்தடியைக் கம்பி வடத்தில் மாட்டி மேலே லாரி நிற்கிற களத்துக்கு இழுக்கிற அதே விஞ்ச்சில்தானே நானும் இத்தனை வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன், ஈயா ஓட்டிக்கொண்டிருந்தேன்? போட்டோவில் அவள் உன் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கிறாள். நான் அவள் முகத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு உன்னை மட்டும் பார்த்தேன், அப்பா கவனித்துவிட்டுச் சிரிக்கிறார், சிரிக்கட்டும். அப்புறம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்னால் வடத்தைத் தாங்கி நிற்கிற அவளுடைய டவரைப் பார்த்தேன். டவர் சாயாமல் இழுத்துக் கட்டியிருக்கிற வடங்களில் இடது பக்கத்து வடம் கொஞ்சம் தொய்ந்திருக்கிறது. அவளிடம் சொல்லச் சொல்லவில்லை, நீ கவனமாக இரு.

எல்லாவற்றையும் விட என்னைச் சுட்டது அந்த நிறுத்திப் பார்க்கிற விஷயம்தான். கீழே ஹாரன் அடித்ததும் அவள் ஒரேயடியாக இழுக்க மாட்டாளாம், தடியின் முனை தரையை விட்டு எழும்பியதும் நிறுத்தி, ஆட்கள் விலகிவிட்டார்களா என்று பார்த்துவிட்டுத்தான் இழுப்பாளாம். உன்னையும் ஓட்டவிடுகிறாளாம், இப்போது உன் கையும் அந்த இடத்தில் தானாக நின்றுவிடுகிறதாம். நானோ ஹாரன் கேட்டால் களம் வரைக்கும் ஒரே இழுப்பு, அது உனக்கே தெரியும். அவள் அடுத்த மாதம் வேலையை விடுகிறாள், அவள் சீட்டில் உன்னை உட்காரச் சொல்கிறாள், நீ என்ன சொல்கிறாய் என்று கடைசியில் கேட்டிருக்கிறாய். இந்த சீசனோடு நானும் இறங்கப்போகிறேன், என் சீட் உனக்குத்தான் என்று முதலாளியிடம் மன்றாடி வாங்கி வைத்திருக்கிறேன், நீ வராவிட்டால் அது லாரியில் தடி ஏற்றுகிற மீசைக்குப் போய்விடும் என்றெல்லாம் தெரிந்துதானே கேட்டாய்? படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன வாரம் ஒரு காரியம் செய்தேன். அவள் செய்கிறதை நானும் செய்து பார்த்து, இது வெறும் நேர விரயம் என்று உனக்கு நாலு வரி எழுத வேண்டும் என்று கிளம்பினேன். யாரிடமும் சொல்லவில்லை. நெட்டையை உனக்கு நினைவிருக்கும், கீழே தடிக்குச் சுருக்குக் கம்பி மாட்டுகிற கூட்டத்துக்கு இப்போது அவன்தான் பெரிய ஆள். அவன் மாட்டிவிட்டு விலகி ஹாரன் அடித்தான், நான் தடியை லேசாக எழுப்பி நிறுத்தினேன், மகாராணி மாதிரி அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்தேன், எல்லாரும் தள்ளித்தான் நின்றார்கள். சரி என்று லிவரில் கை வைத்து இழுக்க ஆரம்பிக்கும்போது தடிக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் ஹெல்மெட். பிரேக்கை எப்படி மிதித்தேன் என்று எனக்கே தெரியாது. தடி ஒரு வெட்டு வெட்டித் திரும்பி, நெட்டையின் ஹெல்மெட்டைத் தட்டிவிட்டுக் கீழே விழுந்தது. அவனுக்கு ஒரு கீறல் கூட இல்லை. நான் விஞ்ச்சை அணைத்துவிட்டுக் கேபினிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அவன் ஏறி வந்தான். கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும், அவன் கத்தவில்லை. "அக்கா, நீங்க நடுவுல நிறுத்தினா தடி எங்கயோ மாட்டிக்கிச்சுன்னுதானே அர்த்தம்? எடுத்து விடத்தானே போனேன்?" என்றான். அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி, நம் ஆட்களுக்கு நான் பழக்கிவைத்த அர்த்தம் அதுதான். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பொம்பளையின் முறை என் ஆளைக் கொன்றிருக்கும் என்று உன் அப்பாவிடம் கத்தினேன், உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, பார்த்துக்கொள் என் புத்தியை. அவர் ரம்பச் சங்கிலிக்கு அரம் போட்டுக்கொண்டே, "முறையில தப்பு இல்ல. அங்க கீழ நிக்கிறவங்களுக்கு அது தெரியும், இங்க தெரியாது, அவ்வளவுதான்" என்றார்.

மறுநாள் மழையில் வேலை இல்லை. துணி மடித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. நீ வந்து என் சீட்டில் உட்கார்ந்தால் உன் கை அந்த இடத்தில் நிற்கும், நெட்டை உள்ளே போவான். சொல்லிவைக்கலாம், அவனும் தலையாட்டுவான், கொஞ்ச நாள் நினைவிலும் இருக்கும். சகதியும் அவசரமுமாக இருக்கிற ஒரு நாளில் அவன் கால் என் பழக்கத்துக்குப் போகும், உன் கை அவள் பழக்கத்துக்குப் போகும், நடுவில் தடி இருக்கும். எத்தனை தடவை மாற்றி மாற்றி யோசித்தும் இந்தக் கணக்கு எனக்கு நேராகவில்லை. நீ நல்ல விஞ்ச்காரி, ஆனால் அவளுடைய விஞ்ச்காரி. இதை எழுதும்போது எனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்காதே.

அதனால் நீ வர வேண்டாம், அங்கேயே உட்கார். முதலாளியிடம் சொல்லிவிட்டேன். மீசை நேற்றே வந்து உட்கார்ந்து பார்த்தான், கேட்காமல் கொள்ளாமல் சீட்டைப் பின்னால் தள்ளிக்கொண்டான், அவன் தலையில் ஒரு போடு போடலாம் போலிருந்தது. அந்த அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல், நன்றி என்று மட்டும் சொல்லாதே, அது இன்னும் எனக்கு வாயில் வரவில்லை. வேலையை விட்ட பிறகு அவர்கள் உன் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கப்போகிறார்கள் என்றால் அதை எனக்கு எழுதவே எழுதாதே.

ஈர பூட்ஸோடு நாள் முழுக்கத் திரியாதே. வடம் இறுகும்போது அதன் வளைவுக்குள் யாராவது நின்றால், முதலாளியாகவே இருந்தாலும், லிவரைத் தொடாதே. உன்னை நம்பிக் கீழே நிற்கிற எல்லாரும் தினமும் சாயங்காலம் முழுசாக வீடு போய்ச் சேரட்டும், நீயும் நோய் நொடி இல்லாமல் நல்லபடியாக இரு. அப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். சீட்டில் உட்கார்ந்ததும் ஒரு போட்டோ அனுப்பு, அதில் நீ மட்டும் இரு.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா